இரண்டாவது மாடி, லெய்டன்

அவருக்குக் கை காட்டத் தெரியாது.

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் யாராவது வழி கேட்டால் நாமெல்லாம் கையைத் தூக்குவோம். அதோ, அந்த மரம், தாண்டி ரைட்டு. அவர் காலைத் தூக்குவார். "வா நைனா, காட்றேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் நடக்கத் தொடங்கியிருப்பார். கேட்டவர்தான் பதறுவார். "அண்ணா, சொன்னா போதும்ண்ணா, நானே போய்க்கிறேன்" என்று பின்னாலேயே ஓடுவார். அவர் கையில் பாதி குடித்த டீ இருக்கும். அந்த டீ கிளாசோடு அவர் தெருமுனை திரும்பிப் போவதை எத்தனை முறை பார்த்திருப்பேன். இடைவேளை முடிந்து நாங்கள் மாடி ஏறும்போது, காலி கிளாசைத் திருப்பிக் கொடுக்க வியர்வையோடு வந்துகொண்டிருப்பார்.

எல்லோரையும் நைனா என்பார். அதனால் நாங்களும் அவரை நைனா என்றே கூப்பிட்டோம். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

எனக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஆனால் என் அலைச்சல் வேறு. நான் எங்கே இருந்தாலும் அங்கிருந்து போக வேண்டும் என்று அலைகிறவன். அவர் யாரையாவது எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அலைந்தவர். இரண்டும் ஒரே நோய் என்று அப்போது நினைத்தேன். இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். எஸ்டேட்டுக்குள் ஒரு பழைய கட்டடம். கீழே ஸ்பிரிங் பட்டறை, முதல் மாடியில் கிடங்கு, இரண்டாவது மாடியில் நாங்கள். கீழே பிரஸ் மெஷின் இறங்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் மேஜைமேல் தண்ணீர் நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு மேல் உட்கார்ந்துதான் ஐரோப்பாவில் சுற்றுலா போகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தோம். நகரத்தைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு வாங்கியவர்கள், எந்த அருங்காட்சியகம் எப்போது திறக்கும், எப்படிப் போவது என்று கேட்டுக் கூப்பிடுவார்கள். ஆளுக்கு ஓர் ஊர். எனக்கு டெல்ஃப்ட். அவருக்கு லெய்டன். பள்ளிக்கூடத்தில் லெய்டன் செப்பேடு என்று படித்திருக்கிறேன். அது ஓர் ஊரின் பெயர் என்பதே எனக்கு அந்த மாடியில்தான் தெரிந்தது.

யாரும் அந்த ஊர்களுக்குப் போனதில்லை. அவரிடம் பாஸ்போர்ட்டே இல்லை. ஒரு கோப்பு கொடுத்திருந்தார்கள்: வரைபடம், படங்கள், திறக்கும் நேரம், மூடும் நேரம். நாங்கள் அதைப் புரட்டி, விரலால் தடவித் தடவி வழி சொன்னோம். அவருக்கு அது முடியவில்லை. வலது இடது என்று சொல்ல அவருடைய உடம்பு திரும்ப வேண்டும். வயர் இல்லாத ஹெட்போன் ஒன்றை ரிச்சி தெருவில் சொந்தக் காசில் வாங்கிவந்தார். மாட்டிக்கொண்டு எழுந்தார். அதோடு சரி, அவர் நாற்காலி காலியாகவே இருந்தது.

முதலில் சும்மா நடக்கிறார் என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது, அவர் லெய்டனுக்குள் நடக்கிறார்.

லிஃப்ட் வாசல்தான் ரயில் நிலையம். வெளியே வந்தால் இடப்பக்கம் ஸ்டாண்டில் கவிழ்த்த தண்ணீர் கேன், அது காற்றாலை. நேரே போனால் எங்கள் இரண்டு வரிசை மேஜைகளுக்கு நடுவே நீலக் கம்பளம். அது கால்வாய், ராப்பன்பர்க் என்று பெயர். அதன்மேல் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. ஓரமாகவே போவார், தண்ணீர் வலக்கைப் பக்கம் இருக்கும்படி. கால்வாயின் இடக்கரையில் பிரிண்டர். அதுதான் பழம்பொருள் அருங்காட்சியகம். எகிப்திலிருந்து கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டிய முழுக் கோயிலொன்று அதற்குள் இருக்கிறது. வட்டமான கண்ணாடி அறை, மேட்டின்மேல் நிற்கும் பழைய வட்டக் கோட்டை. மேனேஜர் அதற்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது இவர் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி வந்து, "மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும் அம்மா, மூச்சு வாங்கினால் பாதியில் நில்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பார். கழிப்பறைப் பக்கம் தாவரவியல் தோட்டம். அதை மட்டும் சிரிக்காமல் சொல்ல அவராலும் முடியாது.

வழி சொன்னதும் வைத்துவிட மாட்டார். கூடவே போவார். பாலத்தில் சைக்கிள் வரும், ஓரமாக நில்லுங்கள் என்பார். கடைசியில் ஒரு கேள்வி உண்டு: கதவைத் தொட்டுவிட்டீர்களா? தொட்டாயிற்று என்று பதில் வந்த பிறகுதான் அந்த அழைப்பு முடியும்.

டீம் லீடர் கோயம்புத்தூர்க்காரப் பெண். நாங்கள் மேடம் என்போம். வாரத்துக்கு ஒரு முறை அவரை நிறுத்தி வைத்துக் கேட்பார்.

"ஏனுங்க, ஒரு போன் காலுக்கு நாலு நிமிசந்தானுங்க. நேத்து ஒண்ணு இருவத்தாறு நிமிசம் போயிருக்குது. வழிதானுங்களே சொல்றீங்க, கல்யாணமா பண்ணி வெக்கறீங்க?"

"கதவத் தொட்டாங்கனா வச்சுடுவேன் மேடம். நடுத்தெருவுல கீறாங்க. எப்டி வக்கறது?"

"அவங்களே போயிக்குவாங்கன்னு நெனச்சு வைங்க."

"நெனச்சு வக்கலாம். அப்பால நெனச்சுக்கினே இருக்கணுமே."

மேடம் என்னைப் பார்ப்பார். நான் டெல்ஃப்டைப் பார்ப்பேன்.

ஏன் இப்படி என்று நானும் கேட்டிருக்கிறேன். மூன்று முறை கேட்டேன், மூன்று பதில். முதல் முறை, "எங்கப்பன் போஸ்ட்மேன், ரத்தத்துல கீது" என்றார். இரண்டாவது முறை, எவனோ கை காட்டினதை நம்பிப் பூந்தமல்லிக்குப் போக வேண்டியவர் பொன்னேரியில் போய் நின்ற கதையைச் சொன்னார். மூன்றாவது முறை எரிச்சலோடு, "சும்மா குந்திகினு இருந்தா காலு அரிக்குது நைனா. நீ இன்னா சிபிஐயா?" அவர் அப்பா போஸ்ட்மேன் இல்லை, ஆவடியில் தச்சர் என்று பின்னால் தெரிந்தது. பொன்னேரிக் கதையும் நம்பும்படி இல்லை. நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஆனால் சில நாள் அவரைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஷிஃப்ட் முடிந்து ஒன்றாக இறங்குவோம். அவர் வீடு கள்ளிக்குப்பத்தில், பஸ் பிடித்தால் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒருவர் வழி கேட்டுவிடுவார். கேட்காவிட்டாலும், குழப்பமாக நிற்கும் யாரையாவது இவர் கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை வடமாநிலத் தொழிலாளி ஒருவரை ரயிலேற்றி, தானும் ஏறி, ஆவடிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வீட்டில் யார் காத்திருந்தார்கள், சோறு எப்போது ஆறியது, அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

ஆயுத பூஜையன்று தெரிந்தது.

எஸ்டேட்டில் அன்று இரும்புக்கெல்லாம் பொட்டு. லாரி, பிரஸ், லேத்து, எடை மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். வாசலுக்கு வாசல் உடைந்த பூசணிக்காய். எங்கள் மாடியிலும் கம்ப்யூட்டருக்குக் கதம்பம் சுற்றி, ஹெட்போன்களை வரிசையாக வைத்துப் பொட்டிட்டோம். குடும்பத்தை அழைத்துவரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி கையில் பொரி கடலைப் பொட்டலத்தோடு லிஃப்டிலிருந்து இறங்கியதும் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"இது இன்னா தெர்தா? ஸ்டேஷன்."

"லிஃப்ட்டு."

"உனுக்கு லிஃப்ட்டு. தோ, லெஃப்ட்டுல பாரு, காத்தாலை. உள்ளார ஏணி வச்சு மேல மேல ஏறிப் போலாம். ஒரு காலத்துல மாவு அரச்சுது, இப்ப மியூசியம்."

"தண்ணி கேனுக்கு இவ்ளோ கதையா?" அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "பாத்தியா தம்பி. சீமையில கீற சனத்தயெல்லாம் கதவாண்ட கொண்டாந்து உட்றாராம். எங்கூட்டுக் கதவுக்கு மட்டும் இவர ஆரு கொண்டாந்து உடுவாங்கன்னு கேளேன்."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பிரிண்டர்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகுதான் நான் அதைச் செய்தேன். வாழைமரம் கட்ட இடம் போதவில்லை. கூட்டிப் பெருக்கும் அக்கா, "இந்தக் கேன எங்க வக்கறது?" என்று கேட்டார். நான் தூக்கினேன். ஸ்டாண்டோடு தூக்கி, லிஃப்டுக்கு வலப்பக்கம் வைத்தேன். பத்தடி. பிரிண்டரையும் இரண்டு பேர் பூஜை மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வேலை செய்துவிட்ட திருப்தியில் பொரி தின்றேன்.

விடுமுறை கழிந்து மறுநாள் வந்தோம். வாழைமரம் வாடிக் கட்டியபடியே இருந்தது. எதையும் யாரும் திருப்பி வைக்கவில்லை.

சாயங்காலம் ஏழு ஐம்பது. அங்கே நாலு இருபது. அவருக்கு ஓர் அழைப்பு. வயதான பெண் குரல். அவசரத்தில் ஹெட்போனுக்கு வெளியேகூடக் கேட்டது. லெய்டன் நிலையத்துக்கு வெளியே நிற்கிறார். மறுநாள் காலை விமானம், இனி வரப்போவதில்லை. அந்த எகிப்தியக் கோயிலைப் பார்க்க வேண்டும். அவருடைய கணவர் இளைஞராக இருந்தபோது அந்தக் கோயிலைக் கழற்றியவர்களில் ஒருவராம். ஒவ்வொரு கல்லுக்கும் எண் எழுதுவது அவர் வேலை. எழுதினாரே தவிர, திரும்பக் கட்டியதை அவர் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்களே, நேரம் இருக்கிறதா?

"தாராளமா இருக்கு அம்மா. வாங்க, போலாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே லிஃப்ட் வாசலில் போய் நின்றார். தலை நிமிர்த்தினார். கேன் வலப்பக்கம் இருந்தது.

"காற்றாலை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி நடங்கள்."

பலர் கேட்டிருக்கிறார்கள், அத்தனை நாள் சொன்ன வழி எப்படி மறக்கும் என்று. மறக்கவில்லை. அவருடைய லெய்டன் அவர் தலையில் இல்லை, அந்தத் தரையில் இருந்தது. தரை சொன்னதை அவர் சொன்னார்.

பத்து நிமிடம் நடந்தார்கள், அந்தம்மா அங்கே, இவர் இங்கே. இவர் நீலக் கம்பளத்தின் ஓரத்துக்கு வந்து, "இப்போது தண்ணீர் தெரியும்" என்றார். தெரியவில்லை என்றார் அந்தம்மா. கண்ணாடிக் கட்டடங்கள்தான் இருக்கின்றன, ஆபீஸ்கள் மாதிரி, கார்கள் போகின்றன.

"கண்ணாடிக் கட்டடமா?"

அவர் நின்றார். அழைப்பின் நடுவே அவர் இப்படி நின்று நான் பார்த்ததேயில்லை. கோப்பில் அப்படியொரு இடம் கிடையாது. அவர் தரையில் இல்லாத ஊரில் ஒரு கிழவி தனியாக நின்றுகொண்டிருந்தார். இவர் மெதுவாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். வாழைமரம். கேன். பிரிண்டர் இருந்த இடத்தில் தூசி படிந்த சதுரம்.

"ஆரு நைனா கேன நவுத்துனது?"

நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவதுபோல.

திட்டவில்லை. மைக்கை மூடிக்கொண்டு, "தூக்கு. இருந்த எடத்துல வை. பிரிண்டரயும் கொண்டா. தூக்குய்யா, அந்தம்மா ரோட்டுல கீது" என்றார். மைக்கைத் திறந்து, "மன்னியுங்கள் அம்மா, தப்பு என்னுடையது. திரும்பிப் பாருங்கள், கூரைகளுக்கு மேலே காற்றாலையின் கைகள் தெரிகிறதா? அதைப் பார்த்து நடங்கள். நான் வந்துகொண்டிருக்கிறேன்" என்றார்.

நான் கேனைத் தூக்கினேன். ஸ்டாண்டிலிருந்து நழுவிச் சட்டையெல்லாம் நனைந்தது. குங்குமம் வழிகிற பிரிண்டரை இரண்டு பேர் தள்ள, சக்கரம் கம்பளத்தில் மாட்டிக்கொண்டது. மேடம் எழுந்து வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிடக் கணக்கு பேசப்போகிறார் என்று நினைத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிரிண்டரின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"பாத்துத் தூக்குங்க. காத்தாலை எந்தப் பக்கமுங்க?"

"லெஃப்ட்டு மேடம்!"

மற்ற ஊர்கள் அத்தனையும் நின்றுபோயின. பாதிப் பேர் காதில் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருக்க, எழுந்து நின்று அவரையே பார்த்தோம். அவர் மறுபடி லிஃப்ட் வாசலிலிருந்து புறப்பட்டார். கிழவியின் நடைக்கு ஏற்ப, அரை அடி அரை அடியாக. காற்றாலை. சந்தைத் திடல். பாலம். தண்ணீர் வலக்கைப் பக்கம். அந்தம்மாவின் மூச்சு எங்களுக்குக் கேட்டது. எட்டு இருபது. எட்டு இருபத்தைந்து. கீழே பிரஸ் இறங்கியது, தண்ணீர் நடுங்கியது. பிரிண்டர் முன்னால் வந்து நின்றார்.

"கதவைத் தொட்டுவிட்டீர்களா?"

"தொட்டுவிட்டேன்."

எட்டு முப்பத்தொன்று. அங்கே ஐந்து தாண்டி ஒரு நிமிடம்.

"திறந்திருக்கிறதா?"

தட்டும் சத்தம் கேட்டது. ஒரு முறை, இன்னொரு முறை. அப்புறம் தொடர்பு அறுந்தது. அந்தம்மாவின் போன் அணைந்திருக்க வேண்டும். இவர் திருப்பிக் கூப்பிட்டார். ஏழு முறை கூப்பிட்டார். ஒன்றும் இல்லை.

ஹெட்போனைக் கழற்றிப் பிரிண்டர்மேல் வைத்தார். விரலில் குங்குமம் ஒட்டியது. "தொட்டாங்க" என்றார் யாரிடமோ. "தொட்டாங்க. தொறந்துச்சானுதான் தெரில."

மறுநாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை, எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும். கோப்பைப் புரட்டி, வரைபடத்தில் விரல் வைத்து, நேரே போய் இடது என்று சொன்னார். நன்றி சொல்லி வைத்தார். மூன்றரை நிமிடம். அந்த மாதம் சிறந்த ஊழியர் என்று சட்டம் போட்ட காகிதம் ஒன்றைக் கொடுத்தார்கள். மேடம் அதைக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டீக்கடையில் ஒருவர் வழி கேட்டார். இவர் கையைத் தூக்கி, அதோ என்றார். தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, யாருடைய கையோபோல. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேனை நகர்த்தியதற்காக அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம் கேட்கலாம் என்றிருந்தேன். பொங்கலுக்குப் பிறகு அவர் வரவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்றார்கள், பூந்தமல்லிப் பக்கம். எண்ணுக்கு அடித்தால் அப்படியொரு எண் இல்லை என்றது. அடுத்த வருடம் ஆபீசும் இல்லை. அந்த இரண்டாவது மாடியில் இப்போது அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஹேக் நகரத்தில் வேலை பார்க்கும் அக்கா மகளைப் பார்க்கப் போனேன். மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் லெய்டனுக்கு ரயிலேறினேன். வெளியே வந்ததும் இடப்பக்கம் காற்றாலை. நான் முதலில் வலப்பக்கம் அது இருக்கும்படி திரும்பி நடந்தேன், வேண்டுமென்றே. கண்ணாடிக் கட்டடங்கள். கார்கள். அந்தம்மா எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று என் காலுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தது. திரும்பினேன். கூரைக்கு மேலே காற்றாலையின் கைகள். திடல், பாலம், கால்வாய். வீட்டுச் சுவர்களில் என்னென்னவோ மொழிகளில் கவிதை எழுதிவைத்திருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நின்றிருப்பேன். கோட்டை மேட்டுக்குப் போகவில்லை, தோட்டத்துக்குப் போகவில்லை. அந்த ஊரின் ஒரு தெருவும் எனக்குப் புதிதாக இல்லை. தண்ணீரை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, கீழே எங்கோ பிரஸ் இறங்கும் என்று காது கொடுத்துக்கொண்டு நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து தாண்டியிருந்தது. கதவு மூடியிருந்தது. தொட்டேன். தட்டினேன். உள்ளே ஒரு காவலர் வந்தார். உதட்டைப் பிதுக்கி, கையைத் தூக்கி, நேரம் எழுதிய பலகையைக் காட்டினார். நாளைக்கு, பத்து மணிக்கு. அவர்மேல் தப்பில்லை. நானும் எத்தனை பேருக்கு அப்படிக் காட்டியிருக்கிறேன்.

அவர் நகர்ந்ததும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். மூச்சுப் பட்டு மங்கியது, துடைத்தேன். உள்ளே விளக்கு இன்னும் அணைக்கவில்லை. கூடத்தில், மணல் நிறத்தில், கல்மேல் கல்லாக, கோயிலின் ஒரு மூலை. ஒரு மூலைதான். இரண்டு வரிசைக் கல்லை எண்ணினேன்.

சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்க்க, கதவிடம் சத்தமாகவே சொன்னேன்:

"இங்கேர்ந்தே தெரியுது நைனா."